பால்மரப் பெட்டியும் 41 ஹெர்ட்ஸும்

பழைய இரும்பு லோரி எங்கள் குடியிருப்புத் தாமானுக்குள் வந்தால் வீட்டிலிருந்து எதையாவது எடுத்துப்போய்ப் போடுவதுதான் வழக்கம். போன வருஷம் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் நான் அதிலிருந்து ஒன்றை எடுத்து வந்தேன். இரண்டு வாஷிங் மெஷினுக்கு நடுவில் கவிழ்ந்து கிடந்த கறுப்புப் பெட்டி. பழைய சப்வூஃபர், பாட்டின் கனத்த கீழொலியை மட்டும் தருகிற ஸ்பீக்கர். லோரிக்காரச் சீன அங்கிள் 50 வெள்ளி கேட்டார், நான் 30 என்றேன், 40-ல் முடிந்தது.

"ஏங்க, ஊரே அந்த லோரியில சாமான் தூக்கிப் போடுது. நீங்க மட்டும் காசு குடுத்து இறக்குறீங்க," என்றாள் மனைவி.

பெட்டியின் அடிப்பாகம் ஈரத்தில் ஊதிப்போயிருந்தது. உள்ளே ஆம்ப்ளிஃபயர் பலகை கருகிப்போயிருந்தது. 10 அங்குல டிரைவர், அதாவது கூம்பும் காந்தமும் சேர்ந்து ஒலி எழுப்புகிற பாகம், மட்டும் கனமாக, நல்ல காந்தத்தோடு இருந்தது. கூம்பின் ஓரத்தைச் சுற்றியுள்ள நுரைப் போம் வளையத்தை விரலால் தொட்டேன். டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அந்தப் போம் பதினைந்து, இருபது வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம். ஆனால் வளையம் போனால் டிரைவரே போய்விட்டது என்று அர்த்தமில்லை. இது பலருக்குத் தெரியாமல்தான் நல்ல காந்தங்கள் எல்லாம் லோரி ஏறுகின்றன.

நான் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை ஆலையில் சார்ஜ்மேன். பகலெல்லாம் மோட்டார், ஸ்டார்ட்டர், சுவிட்ச்போர்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பாட்டு. எங்கள் ஊரில் சப்வூஃபர் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது என் மச்சானின் மைவி மாதிரி வண்டிதான். பூட்டில் இரண்டு 12 அங்குலம். பாட்டு வருவதற்கு முன்னால் நம்பர் பிளேட் வந்துவிடும். அது எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது பேஸ் கிட்டார்.

அதைக் கொஞ்சம் விளக்கணும். நான் பிறந்தது தோட்டத்தில், லயத்து வீட்டில். பாட்டு என்றால் எங்களுக்கு இரண்டே வழி. வீட்டில் அப்பாவின் கையகல ரேடியோ, மின்னல் எப்.எம். ஆவதற்கு முன்னால் இருந்த வானொலி 6. இல்லாவிட்டால் மாரியம்மன் திருவிழாவுக்குத் தென்னை மரத்தில் கட்டும் கூம்புக் குழாய். அந்தக் குழாயில் 300 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 300 அதிர்வுக்கு, கீழே பேருக்குத்தான் ஏதாவது வரும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா தட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 82, 123 கூடக் குழாயில் ஏறாது. மேலே மிச்சமிருக்கும் மடங்குகளை வைத்து மூளை ஒரு மாதிரி ஊகித்துக்கொள்ளும். அதாவது எண்பதுகளின் பாட்டுகளை எல்லாம் நாங்கள் மனப்பாடமாகக் கேட்டு வளர்ந்தோம், அவற்றின் தரையை மட்டும் கேட்கவில்லை. ஈப்போவில் ஒரு நண்பன் வீட்டில் நல்ல ஸ்பீக்கரில் முதல்முறை அந்தப் பாட்டுகளைக் கேட்டபோது, பின்னால் ஒருவன் தனியாக இன்னொரு மெட்டு வாசித்துக்கொண்டே போகிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்போது எனக்கு வயது 31.

முதலில் வளையம். ஆன்லைனில் 35 வெள்ளிக்கு அளவுக்கேற்ற போம், பசையோடு வந்தது. பழைய பசையை ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டி எடுக்கவே இரண்டு ராத்திரி ஆனது. புதியதை ஒட்டுவதில் ஒரே ஒரு விஷயம்தான் கஷ்டம். கூம்புக்கு அடியில் உள்ள கம்பிச்சுருளான வாய்ஸ் காயில், காந்தத்தின் இடுக்கில் எங்கும் உரசாமல் நட்டநடுவில் நிற்கணும். அந்த இடுக்கு மில்லிமீட்டர் கணக்கு. முதல் தடவை கண்ணளவில் ஒட்டினேன். காய்ந்ததும் கூம்பை அழுத்திப் பார்த்தால் கரகரவென்று மணலில் செருப்பு இழுக்கிற சத்தம். பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினேன். இந்தத் தடவை பசை ஈரமாக இருக்கும்போதே 25 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாகக் கொடுத்து, கூம்பைத் தானாக மேலும் கீழும் ஆடவிட்டேன். ஆடுகிற கூம்பு நடுவை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். உரசினால் உடனே காதில் கேட்கும், விரலால் நகர்த்தலாம். இந்த வித்தை தெரியாமல் கூம்பின் நடுவில் உள்ள மூடியான டஸ்ட் கேப்பை வெட்டி, காயிலைச் சுற்றிப் பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகுகிறவர்களும் உண்டு. அதுவும் சரிதான், ஆனால் வெட்டியதைத் திரும்ப ஒட்டினால் தழும்பு தெரியும்.

இனிமேல்தான் கணக்கு. டிரைவரை வைத்துக்கொண்டு மனம்போன அளவில் பெட்டி அடிக்கக்கூடாது. 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர், ஸ்பீக்கரையும் பெட்டியையும் ஒரு மின்சுற்று மாதிரிப் பார்த்துக் கணக்குப் போடலாம் என்று எழுதிக் காட்டினார். எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். அதனால்தான் இன்றைக்கும் அந்த எண்களுக்குத் தீல்-ஸ்மால் அளவுகள் என்று பேர். எனக்கு இந்த மனிதர்களைப் பிடித்ததற்குக் காரணம், மோட்டார் வேலை செய்கிறவனுக்கு அவர்கள் பேசுவது புரியும். ஸ்பீக்கர் என்பது சுற்றாமல் முன்னும் பின்னும் போகிற மோட்டார், அவ்வளவுதான்.

லோரியில் வந்த டிரைவருக்கு அளவு அட்டை ஏது? நானே அளந்தேன். கம்ப்யூட்டரின் சவுண்டு கார்டு, ஒரு ரெசிஸ்டர், ஆர்.ஈ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருள். டிரைவர் தன்னிச்சையாக அதிரும் இடம் 27 ஹெர்ட்ஸ் என்று வந்தது. பிறகு மகளின் பிளாஸ்டிசினை அடுப்படித் தராசில் 40 கிராம் நிறுத்து, கூம்பின் மேல் வட்டமாக ஒட்டினேன். பாரம் ஏறினால் அதிர்வு இறங்கும். 22-க்கு இறங்கியது. இந்த இரண்டு எண்ணையும் வைத்து, அசைகிற பாகத்தின் எடை 79 கிராம் என்று வந்தது. அதிலிருந்து, கூம்பின் தொங்கலுக்குச் சமமான விறைப்புள்ள காற்று எவ்வளவு என்று போட்டால் 70 லிட்டருக்குப் பக்கம். க்யூ.டி.எஸ். என்கிற இன்னொரு எண் 0.38. 0.4-க்குக் கீழே இருந்தால், காற்று போய்வரக் குழாய் வைத்த பெட்டிக்குத் தோதான டிரைவர் என்பது பொதுவான கை வழக்கம். வின்ஐஎஸ்டி என்ற இன்னொரு இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் போட்டேன். 65 லிட்டர் பெட்டி, 27 ஹெர்ட்ஸுக்குச் சுதி சேர்த்த குழாய். பிளாஸ்டிசின் திரும்பி வந்ததில் முடி ஒட்டியிருந்தது என்று மகள் மூன்று நாள் பேசவில்லை.

பலகை வாங்க ஹார்ட்வேர் கடைக்குப் போனபோது அப்பா கூட வந்தார். அவருக்கு 74 வயது, தோட்டத்தில் பால் வெட்டியவர். கடைக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிவிடுவார். 18 மில்லிமீட்டர் எம்.டி.எப். கேட்டேன். முழுப் பலகை நாலுக்கு எட்டடி, 40 கிலோவுக்குப் பக்கம் இருக்கும். எனக்கு அரைப் பலகை போதும், அளவு கொடுத்தால் கடையிலேயே அறுத்துத் தருவார்கள். அப்பா அறுத்த ஓரத்தை நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்தார்.

"இது என்ன மரம்?"

கடை முதலாளித் தவுக்கே கணக்கு எழுதிக்கொண்டே தலை நிமிராமல், "போக்கோ கெத்தா லா, பாக்சிக்," என்றார். பால்மரம்.

அவர் சும்மா சொல்லவில்லை. மலேசியாவில் செய்யும் எம்.டி.எப்.க்கு முக்கியமான மரம் ரப்பர்தான். இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் பால் வற்றியதும் வெட்டி, அரைத்து, பஞ்சு மாதிரி நாராக்கி, பிசினோடு சூட்டில் அழுத்திப் பலகை ஆக்குகிறார்கள். அப்பா அரைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலத்தில் பால்மரம் வெட்டினால் அடுப்புக்கும், ரப்பர் ஷீட் காய வைக்கிற ஸ்மோக் ஹவுசுக்கும்தான் போகும். அறுத்துச் சும்மா போட்டால் கொஞ்ச நாளில் நீலம் பூத்து, வண்டு துளைத்துவிடும். மருந்தில் ஊறவைத்துச் சூளையில் காயவைத்தால் நாற்காலி செய்யலாம் என்பதெல்லாம் பிற்பாடு வந்தது. கோலகங்சாரில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், 1877-ல் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்றை வேலி போட்டுக் காட்டுகிறார்கள். அப்பா அதைப் பார்க்கப் போனதே இல்லை. "முப்பத்தோரு வருஷம் பார்த்தாச்சு, இன்னும் என்னத்தப் பாக்குறது," என்பார்.

பெட்டி அடிக்கிற வேலையில் சொல்ல அதிகமில்லை. வெள்ளைப் பசை, திருகாணி, குறுக்கே ஒரு சட்டம். எம்.டி.எப்.பின் ஓரத்தில் துளை போடாமல் திருகாணி ஏற்றினால் புத்தகம் மாதிரி விரிந்துவிடும், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும். உள்மூலை எல்லாவற்றிலும் பசையைத் தடவி விரலால் இழுத்துவிட்டேன். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் பாம்பு சீறும். ஜிக்சாவால் டிரைவருக்கு வட்டம் வெட்டியபோது விழுந்த வட்டத் துண்டை அப்பா எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வருகிறேன்.

குழாய்க்கு சாக்கடைக்குப் போடுகிற 4 அங்குல பி.வி.சி. பைப்பு. 65 லிட்டருக்கு 27 ஹெர்ட்ஸ் என்றால் நீளம் 42 சென்டிமீட்டர் என்று கணக்கு சொன்னது. பெட்டியின் உள் ஆழம் 46. நேராக உள்ளே விட்டேன், பின்சுவருக்கு 4 சென்டிமீட்டர் மிச்சம். இடம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு.

குழாய் வைத்த பெட்டி என்பது வாய் குறுகிய போத்தலை ஊதுவது மாதிரி. குழாயில் உள்ள காற்று ஒரு கட்டை, பெட்டியில் உள்ள காற்று ஒரு ஸ்பிரிங். அந்தக் கட்டை தாராளமாக வெளியேற இரண்டு பக்கமும் இடம் வேண்டும். குழாயின் விட்டம் அளவுக்காவது, அதாவது 10 சென்டிமீட்டராவது பின்னால் காலியாக இருக்கணும். 4-தான் இருந்தால் காற்று சுவரில் முட்டிக்கொண்டு, குழாய் இன்னும் நீளமானது போல நடந்துகொள்ளும். மறுபடி இம்பீடன்ஸ், அதாவது ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் டிரைவர் காட்டுகிற மின்தடை, அளந்து பார்த்தேன். குழாய்ப் பெட்டியின் வரைபடம் மாட்டுத்தலை மாதிரி இரண்டு கொம்போடு வரும், கொம்புகளுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் சுதி சேர்ந்த இடம். 27-ல் இருக்க வேண்டிய பள்ளம் 23-க்குப் பக்கத்தில் இருந்தது. ஒட்டிய பைப்பை அறுத்து எடுத்து, ஒரு எல்போ போட்டு மேல்பக்கமாக வளைத்தேன். நடுக்கோட்டில் அளந்து 42 வருகிற மாதிரி. பள்ளம் 27-க்கு வந்தது. ஒரு சனிக்கிழமையும் 8 வெள்ளியும் நட்டம்.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஆன்லைனில் விற்கிற கிளாஸ் டி பலகைகளின் மேல் 600 வாட் என்று எழுதியிருக்கும். நான் வாங்கியது டி.பி.ஏ. 3255 சிப் போட்டது, நல்ல சிப்தான். ஆனால் என்னிடம் உள்ள பவர் சப்ளை 36 வோல்ட். டிரைவர் 4 ஓம். 36-ஐ 36-ஆல் பெருக்கி, 4-ன் இரண்டு மடங்கால் வகுத்தால் 162. சப்வூஃபருக்கு அதிலிருந்து 162 வாட்டுக்கு மேல் சுத்தமாக வராது, பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. எட்டாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. அதுவே போதும், வீட்டில் அதில் பாதிகூடத் திறப்பதில்லை. பவர் சப்ளையை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, எர்த் ஒயரைத் திருகாணியில் முறுக்கினேன். தொழில் புத்தி.

கூட ஒலியைத் திருத்துகிற ஒரு டி.எஸ்.பி. பலகையும் வாங்கினேன், 60 வெள்ளி. காரணம், குழாய்ப் பெட்டியில் சுதிக்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது, காற்று குழாய் வழியாகச் சும்மா போய்வரும். படத்தில் வெடிச்சத்தம் வந்தால் கூம்பு வெளியே குதித்துவிடும். அதனால் 24 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டேன். மேல்பக்கம் 80-ல், ஸ்பீக்கர்களுக்குப் பாட்டைப் பிரித்துக் கொடுக்கிற ரிசீவரே வெட்டிக்கொள்ளும். டிரைவர், போம், பலகை, பைப்பு, எல்போ, ஆம்ப், பவர் சப்ளை, டி.எஸ்.பி., பசை, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 510 வெள்ளி.

போட்ட முதல் ராத்திரி எனக்குப் பாட்டு கேட்கவில்லை. வீடு கேட்டது. எங்கள் கூடத்தில் நாக்கோ சன்னல் இரண்டு. ஒவ்வொரு கண்ணாடிப் பட்டையும் அலுமினியக் கவ்வியில் லேசாகத்தான் உட்கார்ந்திருக்கும். 20 ஹெர்ட்ஸிலிருந்து 80 வரை மெதுவாக ஏறுகிற ஒலியைப் போட்டுவிட்டுக் காகிதமும் பென்சிலுமாக நின்றேன். 34-ல் நாக்கோ. 47-ல் முருகன் படத்துக் கண்ணாடி. 62-ல் அடுப்படியில் மைலோ டின் மூடி. பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக் வேலிப்பக்கம் வந்து, "அடா கெம்பா கெ?" என்று கேட்டார். பூகம்பமா என்று. பாட்டு சோதிக்கிறேன் என்றேன். ஒரு பாட்டும் கேட்கவில்லையே என்றார். நியாயமான கேள்வி.

நாக்கோவுக்கு மருந்து அப்பா செய்தார். பழைய சைக்கிள் டியூபை விரற்கடை அகலத்துக்கு நறுக்கி, ஒவ்வொரு கண்ணாடியின் முனையிலும் மடித்துச் செருகினார். பால் வெட்டின கை, ஒரு துண்டும் ஒரு மயிரிழை கூடக் குறைய இல்லை. முருகன் படத்துக்குப் பின்னால் கொஞ்சம் பஞ்சு.

அது முடிந்தும் பேஸ் கிட்டார் சரியாக வரவில்லை. ஒரு சுரம் மட்டும் மிதமிஞ்சி வந்தது. ஏழு பேர் வெறுங்காலோடு நடக்க, ஒருவன் மட்டும் பூட்ஸ் போட்டது மாதிரி. கூடத்தின் அகலம் 11 அடி. அந்த அகலத்துக்குள் சரியாக அரை அலை அடங்குகிற ஒலி 51 ஹெர்ட்ஸ். பூட்ஸ் போட்டவன் அவன்தான். டிரைவரிலும் பெட்டியிலும் குற்றமில்லை, கூடம் பாடுகிறது. அறையையும் சேர்த்துத்தான் ஸ்பீக்கர் என்பதை இத்தனை கணக்குப் போட்ட நான் மறந்திருந்தேன்.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. உட்கார்ந்து கேட்கிற இடத்தில் சப்வூஃபரை வைத்துவிட்டு, அது இருக்கக்கூடிய இடங்களில் எல்லாம் நீங்கள் தவழ்ந்து போய்க் கேட்கணும். எங்கே சமமாகக் கேட்கிறதோ அங்கே கொண்டுபோய் வைக்கணும். நான் சோபாவின் மேல் 25 கிலோப் பெட்டியை ஏற்றிவிட்டு, சுவரோரமாக முழங்காலில் போய்க்கொண்டிருந்தபோது மாமியார் உள்ளே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய்த் தன் மகளிடம், என் மனைவியிடம், கேட்டுக்கொண்டார்.

மூலையில் வைத்தால் 51 ஊளையிட்டது. முன்சுவரின் நட்டநடுவில் ஏறக்குறைய அடங்கிவிட்டது, அந்த அலைக்கு நடுவில் அழுத்தம் இருக்காது. ஆனால் நடுவில் டி.வி. அலமாரி. அதை நகர்த்தலாமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி பார்த்த பார்வையில் பேச்சு முடிந்தது. அலமாரிக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் வைத்து, மிச்சத்தை டி.எஸ்.பி.யில் 51-ல் 4 டெசிபல் குறைத்தேன்.

இப்போது சத்தம் குறைவாகவே வைத்திருக்கிறேன். பேஸ் கிட்டார்க்காரன் படியிறங்கி, ஒரு படியில் நின்று, யோசித்து, மறுபடி ஏறுவது தெரிகிறது. 41 ஹெர்ட்ஸின் அலை 27 அடி நீளம், என் கூடமே 18 அடிதான். அதற்குள் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது இன்னும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. சப்வூஃபரை நிறுத்தினால்தான் அது இருந்ததே தெரியணும், அப்படித்தான் இருக்கிறது.

அப்பாவை உட்காரவைத்து, அவருக்குப் பிடித்த பாட்டுகள் நாலு போட்டேன். கைலியை மடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா குழாயில கேக்கும்போது வார்த்தை இன்னும் தெளிவா இருக்கும்," என்றார். அவரோடு சண்டை போட முடியாது. மனுசப் பேச்சு கிடக்கிற இடத்துக்காகவே செய்த சாமான் அந்தத் திருவிழாக் குழாய்.

வட்டத் துண்டைச் சொல்கிறேன் என்றேனே. அப்பா அதைக் குளியலறைத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் வைக்கிற வாளிக்கு மூடியாக்கிவிட்டார். ஒரு வாரத்தில் ஓரமெல்லாம் அப்பம் மாதிரி ஊதிவிட்டது. எடுத்து வந்து என் முன்னால் வைத்து, "உன் பெட்டியும் இதே மரந்தானே? உன் பொண்டாட்டி தினம் தரையை ஈரத்துணி போட்டுத் துடைக்குது," என்றார்.

குனிந்து பார்த்தேன். பெட்டியின் அடிப்பக்கத்துக்கு நான் பெயிண்ட் அடிக்கவே இல்லை. நாளைக்கு ஒரு டின் சீலரும் நாலு ரப்பர்க் கால்களும் வாங்கணும். அப்பா பின்னால் ஏறத் தயாராகத்தான் இருப்பார்.